திமிங்கிலத்தின் மூளையையும் பாருங்கள்!

கடற்கரையில் சாகும் திமிங்கிலத்துக்குப் பெருமாள்மலையில் என்ன பேச்சு என்பார் சிலர். இம்மலைத் தொடரின் ஓடைகள் வைகை, காவிரி வழியே கடலைத்தானே நாடுகின்றன! பூனைக் கழிவிலுள்ள டாக்சோபிளாஸ்மா எனும் நுண்ணுயிர் மழைநீரோடு கடல் சேர்ந்து, ஓங்கில்களின் மூளையை வீங்கச் செய்வதுண்டு.

2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையோரம் 40க்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் மாண்டன. மீனவத் தோழர்கள் ஆழத்தில் கொண்டுபோய் விட்டும் சில திரும்பி வந்தன. 1973லும் அக்கரையில் 147 ஒதுங்கின. தலைமையை நம்பிக் கூட்டம் வந்ததென்றனர், இருக்கலாம். ஆனால் 1990இல் மத்தியதரைக் கடலில் ஓங்கில்களை வாரிச் சென்றது தட்டம்மைக் கிருமியின் பங்காளியன்றோ?

வெயிலில் மூளை விரைந்து அழுகும். எனவே, குழி தோண்டுமுன் அதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பக் கடலோர மாவட்டந்தோறும் கால்நடை மருத்துவர் குழு ஒன்று ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.