இரவு லொறியும் பகல் தூக்கமும்



கிழக்கிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேசையில் கிடக்கிறது. அவருடைய கணவர் அரிசி லொறி ஓட்டுகிறார். பின்னேரம் ஆலையில் மூடை ஏற்றி, இஷாவுக்குப் பின் புறப்பட்டால் மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க ஓடி, விடியும் வேளையில் கொழும்பில் நிற்க வேண்டும். கிழமைக்கு மூன்று தடவை இப்படி. போன மாதம் ஹபரணைக் காட்டுப் பாதையில் அவர் ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டாராம். கிளீனர் பையன் கத்தியதால் லொறி பாதையை விட்டு இறங்காமல் தப்பியிருக்கிறது. "இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. பையனின் உம்மா சொல்லித்தான் அறிந்தேன். தொழிலை விடச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார் சகோதரி.

தொழிலை விடச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. லொறிக்கு லீசிங் கட்டும் வீட்டில் அப்படிச் சொல்வது லேசு. அடுத்த மாதத்துத் தவணையை நானா கட்டப் போகிறேன்? ஆனால் ஹபரணையில் நடந்தது என்ன என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். அவர் சுபஹுக்கு 5 மணிக்கு எழும்புகிறார். பகலில் கடை, வங்கி, லொறியில் சின்னத் திருத்த வேலை. பின்னேரம் மூடை ஏற்றுகிறார். இரவு 10 மணியாகும்போது அவர் விழித்து 17 மணித்தியாலம் ஆகிவிட்டது. 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் "நேச்சர்" சஞ்சிகையில் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. 17 மணித்தியாலம் தூங்காதிருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மது கலந்தவருடையதைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணித்தியாலமானால் அது 0.10 வீதத்துக்குச் சமம் என்று அதில் கண்டார்கள். ஹராம் என்று வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மனிதர், குடித்தவரின் நிலையில் மூடை லொறியோடு காட்டுப் பாதையில் போகிறார். யானை குறுக்கே வரும் பாதை அது.

கண்ணயர்வது மூன்று செக்கன்தான் என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் லொறி அந்த மூன்று செக்கனில் 50 மீற்றர் போய்விடும். இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தை நாடும் நேரம். அனுபவசாலி, புதியவர் என்ற பேதம் அதற்கு இல்லை. கண்ணாடியைத் திறந்து காற்று வாங்குவது, ரேடியோவைக் கூட்டி வைப்பது, வெற்றிலை மெல்லுவது எல்லாம் சில நிமிடத் தைரியம். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே. கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்த இரண்டு மைல் எப்படி ஓடியது என்று நினைவில்லாவிட்டால், வெளிச்சமுள்ள பெற்றோல் செட்டில் லொறியை நிறுத்தி, ஒரு தேநீரைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் சாய வேண்டும். தேநீர் வேலை செய்ய அரை மணித்தியாலம் வரை எடுக்கும். ஆகவே எழும்பும் நேரத்துக்கு அதன் உதவியும் வந்து சேரும். எழும்பியதும் சில நிமிடம் நடந்து தெளிந்த பிறகுதான் ஸ்டியரிங்.

இனி நம்முடைய பங்கு. இரவு ஓடியவர் வீட்டில் பகலில் படுத்தால் நாம் என்ன செய்கிறோம்? "சும்மாதானே படுத்திருக்கிறீங்க, கேஸ் ஒன்று எடுத்துத் தாங்களேன்" என்கிறோம். மாமி வருவார், கடன்காரர் வருவார், பிள்ளைகள் முற்றத்தில் பந்தடிப்பார்கள். பகல் தூக்கம் இயற்கையாகவே குறுகியது. அதையும் துண்டாக்கினால் அந்தக் கடனை ஹபரணையில்தான் அடைக்க வேண்டிவரும். அறைக்குக் கனத்த திரை போடுங்கள், போனை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நாளில் லுஹர் தொழுதுவிட்டு அஸர் வரை அவர் கட்டாயம் தூங்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம்: நள்ளிரவில் "எங்க நிக்கிறீங்க?" என்று நாம் எடுக்கும் அழைப்பும் ஆபத்துத்தான். அவர் நிறுத்தும்போது அவரே எடுக்கட்டும்.

குறட்டை பற்றியும் சகோதரி ஒரு வரி எழுதியிருக்கிறார், சிரிப்பாக. அது சிரிப்புக்குரியதல்ல. பலத்த குறட்டை நடுவில் நின்று, சில செக்கன் மூச்சே இல்லாமல் போய், பிறகு திணறலோடு திரும்புகிறதா? தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கும் நோய் அது. இரவில் எத்தனையோ தடவை அப்படி நிற்பதால் எட்டு மணித்தியாலம் படுத்தும் அவர் தூங்காதவராகவே எழும்புவார். பருமனான, கழுத்துத் தடித்த ஆண்களுக்கு இது அதிகம், பிரஷரையும் கூட்டும். நோயாளிக்கு இது தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே டொக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போய் நீங்களே சொல்லுங்கள். நிறை குறைப்பதும் பக்கவாட்டில் படுப்பதும் உதவும். சிலருக்கு முகமூடி வழியாகக் காற்று ஊதும் கருவி தேவைப்படும்.

அடுத்தது சீனி வருத்தம். லொறிக்காரர் குடிக்கும் பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி, நாளைக்கு எட்டுக் கோப்பை என்றால் 24 கரண்டி. சுமார் 100 கிராம். இரவு 11 மணிக்குக் கொத்து ரொட்டி. இடையில் சலத்துக்கு நிறுத்த வேண்டிவரும் என்று தண்ணீர் குடிப்பதில்லை. அது சிறுநீரகக் கல்லுக்கு வழி. சோதித்துப் பார்த்தால் லைசனுக்கு வைத்தியச் சான்றிதழ் கிடைக்காமல் போகுமோ என்ற பயத்தில் பலர் சோதிப்பதே இல்லை. உண்மையில் கட்டுப்பாட்டில் உள்ள சீனியை விட, மறைத்த சீனிதான் கண்ணையும் காலையும் பறித்து லைசனையும் இல்லாமலாக்கும். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்வுக் கிளினிக்குகளில் சீனி, பிரஷர், நிறை மூன்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டு ஓடினால் சீனி திடீரென இறங்கும்: வியர்வை, நடுக்கம், தலை குழம்பல். உடனே நிறுத்தி மூன்று, நான்கு கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, பின் ஏதும் சாப்பிட்டு, முக்கால் மணித்தியாலமாவது கழித்துத்தான் ஓட்ட வேண்டும். லொறியின் பெட்டிக்குள் ஒரு போத்தல் சீனியை வைத்துவிடுங்கள். றமழானுக்கு முன்பே டொக்டரைக் கேளுங்கள். நோயாளிக்கும் பிரயாணிக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிரயாணமே தொழிலானவருக்கு அது எப்படி என்று மௌலவியிடம் விளங்கிக்கொள்ளுங்கள்.

தொழுகைக்கு நிறுத்துவதே பாதி மருந்து. இறங்கினால் காலில் இரத்தம் ஓடும், முதுகு நிமிரும், வுழூவில் முகம் நனையும். கால் கழுவும்போது பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்து, துடைத்து உலர்த்தச் சொல்லுங்கள். சீனிக்காரரின் காலில் புண் வந்தால் நோகாது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரத்தம் கட்டியிருக்கலாம்.

தடிமனுக்குப் பிரிட்டோன் குளிசை போட்டுவிட்டு ஓட வேண்டாம், அது தூக்கத்தைத் தரும். பாக்கு மெல்லும் பழக்கமிருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ படை, இரண்டு கிழமையில் ஆறாத புண், வாய் முன்போல் திறக்காமை இவையெல்லாம் காட்ட வேண்டியவை. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயில்தான். வழமையான கறிக்கே "உறைப்புக் கூடிப்போச்சு" என்று அவர் சொல்லத் தொடங்கினால், மிளகாய்த்தூளைக் குறைப்பதோடு நின்றுவிடாதீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: அவர் மறைத்தது உங்களைப் பயப்படுத்தக் கூடாதென்றுதான் இருக்கும். ஏசாமல், அவர் தூங்கி எழும்பிய ஒரு நேரம் பார்த்துக் கேளுங்கள். லொறிச் சொந்தக்காரரிடம் விடியும் முன் என்ற நேரத்தை ஒரு மணித்தியாலம் தள்ள முடியுமா என்று அவரையே பேசச் சொல்லுங்கள். கிளீனர் பையனின் உம்மாவுக்கு என் ஸலாம். அடுத்த தடவையும் கத்தத் தயங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லட்டும்.