சிறிய வீட்டுக்குச் சுவரும் ஒரு ஜன்னல்தான்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வருகிறவர்கள் காயின் பருமனை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. பச்சை நிறத்தையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்தப் பச்சை கெடக்கூடாது என்பதற்காகவே காயை வெயிலில் பரப்பாமல், மூடிய அறையில் இதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். வெளிச்சம் அதிகம் பட்டால் பச்சை வெளுத்துவிடும், விலையும் இறங்கிவிடும். நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இந்த உறவை வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசும்போது நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? கடைக்காரர் நீட்டும் வர்ண அட்டையில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதை வாங்கி வந்துவிடுகிறோம்!

போடியிலிருந்து மலைப் பக்கமாக ஏறக்குறைய 16 கிலோமீட்டர் போனால் குரங்கணி. மலையடிவாரத்து ஊர் அல்லவா? மலை மறைப்பதால் மாலை வெயில் சீக்கிரமே விடைபெற்றுக்கொள்கிறது. மழைக் காலத்தில் மேகமும் சேர்ந்துகொள்ளும். மதுரையிலும் சென்னையிலும் ஒண்டுக் குடித்தனம் செய்யும் சகோதரிகளுக்கும் இதே கதைதான். அங்கே மலைக்குப் பதில் அடுத்த வீட்டுச் சுவர் மறைக்கிறது. “வீடு சிறியது” என்று நாம் குறைப்படும்போது, பாதிக் குறை இடத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. இடத்தை விலைக்கு வாங்குவது சிரமம். வெளிச்சத்தைச் சுவரே கொடுக்கும்.

புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கு போல அறைக்கே திருப்பித் தருகிறது. இளமஞ்சளும் தந்த நிறமும் அதற்குச் சற்றுக் குறைவாகத் தரும். கரு நீலமும் பழுப்பும் 10 பங்கு கொடுத்தாலே அதிகம், மிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர்தான் முக்கியம். அதற்கு எப்போதும் வெளிர் நிறமே கொடுங்கள். மேல்தளம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

வெயிலே எட்டிப் பார்க்காத அறைக்கு நீலம் வேண்டாம். மழை நாளில் மேலும் குளிர்ந்து, சோர்ந்து தெரியும். இளமஞ்சளோ தந்த நிறமோ அங்கே இதமாக இருக்கும். மாறாக, மேற்கு வெயில் சுடும் அறைக்கு வெளிர்ப் பச்சையும் வெளிர் நீலமும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ரயில் பெட்டி போல நீண்ட அறையானால் கோடியில் இருக்கும் குறுகிய சுவருக்கு மட்டும் சற்று அழுத்தமான நிறம் கொடுங்கள். சுவர் அருகே வந்தாற்போலத் தோன்றி, அறை சதுரமாகத் தெரியும். சுவர் அலமாரிக்கும் கதவுக்கும் சுவரின் நிறத்தையே கொடுத்துவிட்டால், துண்டு துண்டாகத் தெரியும் அறை ஒன்றாகிவிடும்.

“வெளிர் நிறம் சீக்கிரம் அழுக்காகுமே! குழந்தைகள் கை, எண்ணெய்த் தலை...” என்பீர்கள். அதற்காகத்தான் நம் வீடுகளில் சுவரின் அடியில் வேறு நிறத்தில் பட்டை அடிக்கும் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் அது இடுப்பு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். போனால் தளம் தாழ்ந்து தோன்றும்.

ஈரம் ஏறும் சுவருக்கு எண்ணெய்ப் பெயிண்ட் உதவாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்புளித்து உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. சுண்ணாம்பில் செங்காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் நிலைத்து நிற்கும். பூசியவுடன் மங்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். காய்ந்த பிறகுதான் வெளுக்கும். கிளிஞ்சலையோ கல் சுண்ணாம்பையோ தண்ணீரில் போடும்போது அது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவிவிட்டு, டாக்டரிடம் போய்விடுங்கள்.

புது வர்ணத்துக்கு முன்னால் பழையதைச் சுரண்டுவார்கள். அலங்காரத்தைவிட முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. பழைய கதவு, ஜன்னல், தொட்டில் இவற்றில் பளபளக்கும் மஞ்சள், சிவப்பு, பச்சை எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசியது இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஆகவே பழைய பெயிண்டைக் காய்ந்தபடி சுரண்டவோ நெருப்புக் காட்டி எடுக்கவோ விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறிடத்தில் இருக்கட்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். புது டப்பா வாங்கும்போது, ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. டப்பாவை மொத்தமாக வாங்குமுன் சிறிதளவு வாங்கி, செய்தித்தாள் அளவுக்குச் சுவரில் பூசிப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை, இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை. மூன்று வேளையும் பிடித்திருந்தால் அதுதான் உங்கள் வீட்டு நிறம். வாடகை வீடானால் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதாக இருந்தால், இந்தப் பரீட்சையை மார்கழி பிறந்ததுமே ஆரம்பித்துவிடலாம்.