நிரூபணம் தேடும் விசுவாசம்

பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டென்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டதால் ஆதியாகமம் நிரூபணமாகிவிட்டது, இனி நாஸ்திகருக்கு வாய் ஏது என்று வெற்றிமுரசு கொட்டும் நண்பர், அந்தத் தொடக்கத்தைப் பௌதிகக் கொள்கையாக முன்வைத்தவரே ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதையும், இம்முரசொலி அவர் செவிக்குச் சற்றும் உவக்கவில்லை என்பதையும் அறியார் போலும். கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக ஐன்ஸ்டீனுக்கு அருகே நின்று படமெடுத்துக்கொண்ட ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்து லூவேன் சர்வகலாசாலைப் பேராசிரியர். பிரபஞ்சம் விரிகிறதென்று 1927-இல் எழுதி, 1931-இல் அதன் மூலத்தை ஆதி அணுவாகக் கண்டவர். 1951 நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் சிருஷ்டிக்குச் சான்றாக அவ்வகை ஆராய்ச்சியை எடுத்தாண்டபோது, பூரித்திருக்க வேண்டிய அக்குருவானவரோ சஞ்சலமடைந்தார்; தம் கொள்கை சமய வாதங்களுக்கு முற்றும் வெளியே நிற்பது என்பதே அவர் கட்சி. மறு ஆண்டு ரோமாபுரியில் வானநூலாரிடையே பேசிய போப்பாண்டவர் அவ்வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. (நம் நண்பருக்கு அந்த நிதானம் வருமா?) மாறும் கணக்கின்மீது மாறாத விசுவாசத்தைக் கட்டுவோர், நாளை வேறொரு சமன்பாடு தோன்றித் தொடக்கமே இல்லையென்றால், ஆண்டவரை ராஜிநாமா செய்யச் சொல்வார்களா? நண்பர் தம் வாதத்தைத் திரும்பப் பெறுவதே விசுவாசத்துக்கு அவர் செய்யக்கூடிய தொண்டு.