வானத்து வெள்ளியும் வட்டிக்கு வாங்கிய வெள்ளியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மெசபடோமியா என்றதும் நம் நினைவில் முதலில் வந்து நிற்பவன் ஹமுராபி. சட்டம் தந்த வேந்தன் என்று பள்ளியிலேயே அவனைப் படித்துவிடுகிறோம். ஆனால் அவன் மரபில் வந்து, பாபிலோனை ஆண்ட பத்தாம் மன்னன் அம்மிசதூக்காவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வானியல் கற்போர் அறிவர். வெள்ளிக் கோளின் தோற்றத்தையும் மறைவையும் 21 ஆண்டுகளுக்குக் குறித்து வைத்த களிமண் பலகை அவன் பெயராலேயே வழங்குகிறது. நினிவேயில் கிடைத்த அதன் படி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்குறிப்புகள் இவன் ஆட்சிக்குரியவை என 1912-ல் குக்ளர் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். வெள்ளி எட்டாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழப் பழைய நிலைக்கே திரும்புவதால், கணக்கிட்டால் ஒரு விடை கிடைப்பதில்லை. அவன் முதலாண்டு கி.மு. 1702 என்பாரும், 1646 என்பாரும், 1582 என்பாரும் உளர். பெரும்பாலோர் கையாள்வது 1646.

அறிவியல் மாணவர் எவரும் இதை வியக்கவே செய்வர். ஆயினும் அம்மன்னனின் பெருமை இதுவன்று என்பதே என் கருத்து.

தமிழில் வெள்ளி என்பது கோளையும் குறிக்கும், உலோகத்தையும் குறிக்கும். நாணயம் தோன்றாத அக்காலப் பாபிலோனில், நிறுத்துத் தந்த வெள்ளியும் அளந்து தந்த பார்லியுமே கடனாகக் கைமாறின. ஹமுராபியின் சட்டப்படி வெள்ளிக்கு வட்டி நூற்றுக்கு 20. பார்லிக்கு மூன்றில் ஒரு பங்கு! விளைச்சல் பொய்த்தால் மனைவி மக்களையே கடனுக்கு ஈடாக அனுப்ப நேர்ந்தது.

அரியணை ஏறிய அம்மிசதூக்கா ஓர் ஆணை பிறப்பித்தான். அதன் பெயர் மீஷரும்; நீதியை நிலைநாட்டுதல் என்பது பொருள். வட்டிக்குக் கொடுத்த பார்லியையும் வெள்ளியையும் இனி வசூலிக்கலாகாது. கடன் பத்திரம் செல்லாது. வலிந்து வாங்கியவன் திருப்பித் தரவேண்டும், மறுத்தால் மரணம். கடனை விற்பனை என்றும் அடைக்கலப் பொருள் என்றும் மாற்றி எழுதி ஏய்ப்போருக்கும் அதில் விதி உண்டு. கடனுக்காக அடிமைப்பட்ட குடிமக்கள் விடுவிக்கப்பட்டனர். வாணிகத்திற்குப் பெற்ற முதலை மட்டும் ஆணை தொடவில்லை. பிழைக்க வாங்கிய கடன் வேறு, பெருக்க வாங்கிய கடன் வேறு என்பதை அவ்வரசு அன்றே அறிந்திருந்தது!

முன்னோரும் இத்தகைய ஆணைகளை இட்டதுண்டு. ஆயினும் விரிவாக நமக்குக் கிடைத்திருப்பது இவனுடையதே. அதை 1958-ல் கிராவுஸ் என்பவர் பதிப்பித்தார்.

படைக்கும் வரிக்கும் ஆள் வேண்டித்தானே செய்தான் என்பர் சிலர். உண்மையாகவே இருக்கலாம். வீட்டில் பிறந்த அடிமைகளை அவன் விடுவிக்கவில்லை என்பதும் உண்மை. கடன் மீண்டும் முளைத்தது என்பதும் உண்மையே. ஆனால் விடுதலை பெற்று வீடு திரும்பிய மகளிடம், மன்னனின் நோக்கம் தூயதா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? கைநாட்டு வைத்த பத்திரம் ஒன்று ஒரு குடும்பத்தின் உறக்கத்தை எப்படிக் கெடுக்கும் என்பதை, முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோர் பாடநூல் இன்றியே அறிவோம்.

வென்ற நாடுகளையும் எழுப்பிய கோட்டைகளையும் எண்ணியே மன்னர்களை அளந்து பழகிவிட்டோம். எத்தனை வீடுகளில் அச்சம் தீர்ந்தது என்றும் அளந்து பார்ப்போம். வானத்து வெள்ளி அம்மிசதூக்காவின் காலத்தைக் காட்டட்டும். அவன் தள்ளுபடி செய்த வெள்ளியே அவன் ஆட்சியைக் காட்டும்.