உப்புநீர்த் தொட்டிக்கு மீன் வாங்கும் முன்



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. கப்பியும் மோலியும் தங்கமீனும் எத்தனையோ வீடுகளின் முன்கூடத்தில் நீந்திக் கொண்டிருக்கின்றன. அண்மைக் காலமாக இந்த ஆசை ஒருபடி மேலே ஏறியிருக்கிறது. 2003-இல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' என்னும் கார்ட்டூன் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அதில் வரும் ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீன் தங்கள் வீட்டிலும் வேண்டும் என்கிறார்கள். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தந்தைமாரோ, அங்குள்ள பெரும் வணிக வளாகங்களில் கடலையே சுவராக நிறுத்தியது போன்ற தொட்டிகளைக் கண்டு வந்தவர்கள். விடுமுறையில் ஊர் திரும்பியதும் பிள்ளையின் ஆசையும் தந்தையின் ஆசையும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. சென்னைக்கு ஒருமுறை சென்று தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்து விடுகிறார்கள்.

ஒரே நாளில் வாங்குவதில்தான் சங்கடம் தொடங்குகிறது. புதிதாக நிரப்பிய உப்புநீர்த் தொட்டி, மீன் வாழ்வதற்குரிய இடமாக மாற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் தீங்கானதே. மற்றொரு வகை பாக்டீரியா அதனைத் தீமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையாட்கள் தொட்டியில் குடியேறிப் பெருகுவதற்குத்தான் அத்தனை நாட்கள். இரண்டு மாத விடுமுறையில் வந்தவர் முதல் வாரத்திலேயே தொட்டியை நிறுவினாலும், முதல் மீனை விடும் வேளையில் அவர் திரும்பிப் போவதற்குப் பெட்டி கட்டிக் கொண்டிருப்பார். அதன்பின் தொட்டியைப் பார்த்துக் கொள்ளப் போவது வீட்டிலிருக்கும் அம்மாவும் பிள்ளைகளும்தான். ஆகவே, மீனைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் முதலில் கலந்துகொள்ள வேண்டியவர்களும் அவர்களே.

சில கடைக்காரர்கள், "முதலில் நாலு டாம்சல் மீனை விடுங்கள், அது தாங்கும், தொட்டி பழகிவிடும்" என்பார்கள். உண்மையில் டாம்சல் மீன் சற்றுத் தாங்கக் கூடியதுதான். ஆனால் ஓர் உயிரை நஞ்சில் விட்டு நீரின் நிலையைச் சோதித்துப் பார்க்க என்ன தேவை இருக்கிறது? மீனே இல்லாத தொட்டியில் சந்தையில் வாங்கிய ஓர் இறாலைப் போட்டு அழுகவிட்டால் போதும். அம்மோனியா தானே உண்டாகும், பாக்டீரியாவும் பெருகும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று காட்டும்வரை காத்திருக்க வேண்டும். மேலும், தாங்கிப் பிழைத்த டாம்சல் தொட்டி முழுவதையும் தன் சொத்தாக்கிக் கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் கடித்து விரட்டும். அதனைப் பிடித்து வெளியேற்றுவதற்குள் தொட்டியையே கலைத்தாக வேண்டியிருக்கும்.

இனி மீனுக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது விலையைத்தான். முதலில் கேட்க வேண்டியது, "இது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?" என்பதாகும்.

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்று பண்ணைகளில் பிறப்பவை. கடல் மீன்களிலோ பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவையே. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் சார்பில் 2003-இல் வெளியான அறிக்கை, ஆண்டுதோறும் 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் மீன்கள் வீட்டுத் தொட்டிகளுக்காக உலகச் சந்தைக்கு வருவதாகக் கணக்கிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களில் தொடங்கிப் பிற தீவுகளுக்கும் பரவிய ஒரு வழக்கம் உண்டு. பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் மீன் மீது சயனைடு கரைசலைப் பீய்ச்சி, அது மயங்கியதும் அள்ளுவார்கள். பவளம் அங்கேயே சாகும். மீன் மயக்கம் தெளிந்து, அழகாகவே கடைக்கு வந்து சேரும். பின்னர் வாங்கியவர் வீட்டில் காரணம் தெரியாமல் இறந்து போகும். "என் கைராசி சரியில்லை" என்று வீட்டுக்காரர் வருந்திக் கொண்டிருப்பார்.

பண்ணையில் பிறந்த மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறந்த நாள் முதல் தொட்டியின் சுவரையும் மனிதரின் நிழலையும் அறிந்தது அது. குருணைத் தீனியைத் தீனி என்று அதற்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. தொலைவிலிருந்து வந்த களைப்பும் நோயும் குறைவு. இந்த வகையில் முதலிடம் கோமாளி மீனுக்கே உரியது. அந்த ஆய்வு நம் தமிழ்நாட்டுக் கரையிலேயே நடந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன், டாம்சல் ஆகியவற்றின் குஞ்சு பொரிப்பு முறைகளை உருவாக்கியிருக்கிறது. எனக்கு இன்னும் நெருக்கமான செய்தி பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தது. எங்கள் விருத்தாசலத்தைத் தொட்டுச் செல்லும் மணிமுக்தாறு வெள்ளாற்றில் கலந்து, அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அந்த ஆற்றங்கரையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தினர், கழிமுக நீரைக் கொண்டே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து, 2010-இல் அதனை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பாறையைத் தொடாமல், கடலில் ஒரு மீனும் குறையாமல், ஆற்றுமுகத்து நீரில் பிறந்த மீன்! எங்கள் ஊர்த் தண்ணீருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நான் மாணவர்களிடம் பெருமையடித்துக் கொள்வதுண்டு.

கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கடலில் அது உண்மை. கொட்டும் கைகளையுடைய அந்த உயிரினத்தின் நடுவே ஒளிந்துதான் அது பகைக்குத் தப்புகிறது. வீட்டில் பகை இல்லாதபோது சாமந்தியும் தேவையில்லை. வலிமையான விளக்கும் முதிர்ந்த தொட்டியும் இல்லாமல் சாமந்தி பிழைக்காது. இறந்தால் நீர் முழுவதையும் கெடுத்துவிடும். இரண்டு சிறிய கோமாளிகளை ஒன்றாக வாங்குவதே நல்லது. இவை எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்குபவை. இரண்டில் பெரியதும் வலியதும் பின்னர் பெண்ணாக மாறும், மற்றது ஆணாகவே இருக்கும். வளர்ந்த இரண்டு பெண் மீன்களைச் சேர்த்துவிட்டால் சண்டை ஓயாது. நன்கு பேணினால் இம்மீன் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக் கூடியது. பத்து வயது மகனுக்கு வாங்கித் தரும் மீன் அவன் திருமணத்தையும் பார்க்கலாம் என்பதை நினைவில் வைத்து வாங்குங்கள்.

கோமாளிக்குத் துணையாகக் கோபி வகைச் சிறு மீன்களைச் சேர்க்கலாம். அவை அடிமணலில் அமைதியாக இருக்கும். இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் பங்காய்க் கார்டினல் மீனும் பண்ணைகளில் பிறக்கிறது. அதன் ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கும் அழகைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். ஆனால் கடலில் அது அருகி வரும் இனம். ஆகவே பண்ணை மீன் என்பது உறுதியானால் மட்டுமே வாங்க வேண்டும்.

வாங்கக் கூடாதவற்றைச் சொல்வதுதான் கடினம். ஏனெனில் கடையில் மிக அழகானவை அவையே. 'நீமோ' படத்தில் வரும் நீலநிறச் சர்ஜன் மீன் கைவிரல் அளவில் விற்கப்படும். வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரும். நாளெல்லாம் விரைந்து நீந்தும் இயல்புடையது. நான்கடித் தொட்டி அதற்குச் சிறைதான். இதனை மனிதர் பண்ணையில் பிறப்பிக்க முடிந்ததே 2016-இல், அமெரிக்காவின் புளோரிடாவில்தான். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிரிகளையே உண்பவை. உங்கள் குருணைத் தீனியின் நடுவே அவை பட்டினியால் மெலிந்து சாகும். மற்ற மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் துப்புரவு மீனும் அப்படியே. கடலில் நூற்றுக்கணக்கான மீன்களின் ஒட்டுண்ணிகளை உண்டு வாழ்வதற்கு, நான்கு மீன் உள்ள தொட்டியில் உணவு ஏது? பெட்டி போன்ற உடலுள்ள மஞ்சள் பெட்டி மீன், அச்சத்தாலோ மரண வேளையிலோ நஞ்சைக் கசியவிட்டுத் தொட்டியிலுள்ள மற்றவற்றையும் கொன்றுவிடக் கூடும். சிங்க மீனின் முதுகு முட்களில் நஞ்சு உண்டு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கடற்கரைக்குச் சென்றபோது வலையிலிருந்து கிடைத்த குஞ்சைக் கேனில் கொண்டு வருபவர்களும் உண்டு. களவாக் குஞ்சு பார்க்க அழகுதான். ஆனால் அதன் வாய் எவ்வளவு பெரியது என்பதை மற்ற மீன்கள் காணாமல் போன பின்பே அறிவோம்.

சட்டத்தின் பேரிலும் ஒரு வார்த்தை. கடல் குதிரை, கல் பவளம், கடல் அட்டை ஆகியவை 2001-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. "யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கடையில் மீனைத் தெரிவு செய்யும்போது அவசரம் ஆகாது. உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். உண்ணாத மீன், எவ்வளவு அழகாயினும், வேண்டாம். வயிறு ஒட்டியிருக்கிறதா, கண் மங்கியிருக்கிறதா, செவுள் படபடவென அடிக்கிறதா, உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள். பிடித்திருந்தால் முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைத்து, பின்னர் எடுத்து வருவது இன்னும் நல்லது. வீட்டிலும் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் பெருந்தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் அதனை அகற்றுவது பெரும்பாடு.

எத்தனை மீன்? நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டி, மணலும் பாறையும் போக, ஏறத்தாழ 200 லிட்டர் நீர் கொள்ளும். அதில் நான்கைந்து சிறு மீன்களே போதும். அவற்றையும் ஒரே நாளில் விடாமல் சில வாரங்கள் இடைவெளியில் விட வேண்டும். அந்த நீருக்கு லிட்டருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ உப்பு தேவை. சமையல் உப்பு ஆகாது. மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் கலந்த கடல் உப்புக் கலவையாக வாங்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்த அளவை உப்பில்லாத தூய நீரால் நிரப்ப வேண்டும். இதை அறியாமல் உப்புநீரையே ஊற்றிக் கொண்டிருந்தால் ஒரு கோடைக்குள் தொட்டி உப்பளமாகிவிடும்.

கோடையைச் சொன்னதும் எங்கள் ஊர் வெயில் நினைவுக்கு வருகிறது. இம்மீன்களுக்கு உகந்தது 25 முதல் 27 டிகிரி வரையிலான நீர். சித்திரை, வைகாசியில் எங்கள் பகுதியில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. சூடேறிய நீரில் உயிர்வளி குறையும். நீரின் மேல் விசிறி வைத்தால் சில டிகிரி இறங்கும். அதற்கு மேல் குளிர்விக்கும் இயந்திரம் தேவை. மின்சாரம் நின்றால் ஓடக்கூடிய பேட்டரிக் காற்றுக்குழாயும் கையில் இருக்க வேண்டும். வாயில்லா உயிரை வளர்ப்பது ஆகுமா என்று கேட்போருக்கு, தீனியும் பராமரிப்பும் குறையாதவரை ஆகும் என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் பதில். அந்தப் பராமரிப்பில் இந்த விசிறியும் பேட்டரியும் அடங்கும். இச்செலவும் உழைப்பும் மலைப்பாகத் தோன்றினால் கப்பியிடமே திரும்பிவிடலாம். அதில் ஒரு குறையுமில்லை.

எங்கள் ஊர் பீங்கான் ஊர் என்பதால் இன்னொன்று. செராமிக் தொழிற்பேட்டையில் செய்யும் வண்ண பொம்மைகளைத் தொட்டிக்குள் வைக்க ஆசைப்படுவார்கள். பச்சை, நீலப் பூச்சுகளில் செம்பு கலந்திருக்கக் கூடும். உப்புநீரில் அது கசிந்தால் இறாலும் நத்தையும் முதலில் மடியும். பூச்சில்லாத சுட்ட ஓடு நல்லது. குஞ்சு பொரிக்கும் பண்ணைகளிலும் கோமாளி மீன் முட்டையிட இத்தகைய ஓட்டையோ மண்சட்டியையோதான் வைக்கிறார்கள். உங்கள் சோடி முதிர்ந்து ஒருநாள் அந்த ஓட்டில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகளை ஒட்டினால் விளக்கை அதன் போக்கில் எரியவிட்டு, கையை உள்ளே விடாமல் இருங்கள். ஆண் மீன் துடுப்பால் விசிறி, கெட்டவற்றை வாயால் அகற்றிக் காவல் நிற்கும். ஒரு வாரம் கழித்து, இருட்டிய பின் அவை பொரியும்.