என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்பதில்லை

தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ பழனி கிரிவீதியில் ஓர் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு காவடியைப் போல இன்னொன்று இருக்காது. அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தோளில் தாங்க ஒரு மரத்தண்டு, அதன்மேல் வில்லாக வளைத்த பலகை, இரண்டு பக்கமும் செம்பு. அதற்குமேல் வருவதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர் பாடு. மயிற்பீலி, பட்டுத்துணி, சலங்கை, வேப்பிலை, எலுமிச்சை, சரிகை என்று கட்டிக்கொண்டே போவார்கள். கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீர் சுமந்து வருகிற தீர்த்தக் காவடிக்கு ஓர் அழகு. செட்டிநாட்டிலிருந்து நடந்தே வருகிற நகரத்தார் காவடிக்கு வேறோர் அழகு.

மரம், உலோகம், இறகு, துணி, இலை, தண்ணீர் என ஒட்டாத பொருள்களையெல்லாம் ஓர் உருவத்துக்குள் சேர்த்துக் கட்டுவதைக் கலைக் கல்லூரியில் கலப்பு ஊடகச் சிற்பம் என்பார்கள். பழனி சுற்றுவட்டாரத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். காவடியைச் சிற்பம் என்றே என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அதில் கண்ணுக்குத் தெரியாத பொருளும் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. சீக்கில் கிடக்கிற மகனுக்காகவா, கடனுக்காகவா, வீட்டைவிட்டுப் போன மகளுக்காகவா, சுமக்கிறவருக்குத்தான் தெரியும். நெரிசலில் தோள் உரசிப் போகிற ஆயிரம் பேரில் ஒருவரும் அதைக் கேட்பதில்லை. அடிவாரத்தில் காவடி கட்டிக்கொடுக்கிற பெரியவர் ஒருவரிடம், என்ன வேண்டுதல் என்று தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி அலங்காரம் செய்வீர்களா என்று ஒருமுறை கேட்டேன். கையிலிருந்த நூலை விடாமலே சொன்னார்: “அதெல்லாம் நாம கேக்கக்கூடாதுங்கம்மா. அளவு மட்டும் கேப்பேன். தூக்கறது பெரியவங்களா சின்னப்புள்ளையான்னு கேப்பேன். மத்தது அவுங்களுக்கும் முருகனுக்கும்.”

பள்ளிக்கூடங்களுக்கும் இந்த மரியாதை வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கதையே ஒரு பிள்ளையின் மனத்தாங்கலில்தான் தொடங்குகிறது. மாம்பழம் அண்ணனுக்குப் போய்விட்டது. தம்பி அழவில்லை, சண்டை போடவில்லை. இருந்ததையெல்லாம் களைந்துவிட்டுக் கோவணமும் தண்டுமாக மலையேறி நின்றுவிட்டான். அந்தக் கோபத்தை நாம் கும்பிடுகிறோம். மூலவர் திருமேனியை ஒன்பது பாஷாணங்களைக் கட்டிப் போகர் செய்தார் என்பது ஊரின் நம்பிக்கை. போகர் சன்னதியும் மலைமேலேயே இருக்கிறது. அந்த ஒன்பதும் எவை என்பதில் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். தனித்தனியே நஞ்சானவற்றைக் கட்டி உருவம் கொடுத்தால் மருந்தாகும் என்கிற எண்ணம் மட்டும் எல்லாப் பட்டியலுக்கும் பொது. சித்த மருத்துவத்தில் ரசத்தைக் கட்டுவது என்பதும் அதுதான். நிற்காமல் ஓடுகிற பாதரசத்தைக் கையில் எடுக்கிற மணியாக்குவார்கள். வேதியியல் நோக்கில் இதைப் பற்றி நான் பேச வரவில்லை. துக்கத்தையும் கோபத்தையும் கட்டி உருவமாக்கலாம் என்கிற அறிவு இந்த ஊருக்குப் புதிதில்லை என்றுதான் சொல்ல வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நடப்பதோ வேறு. 2012இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றுக்காக 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் நியமித்தது. அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நாட்கள்தான் எங்கள் வகுப்பு. பரீட்சை நெருங்கினால் அதுவும் கணக்குக்குப் போய்விடும். மிச்சம் கிடைக்கிற நேரத்தில் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம், நெகிழியை ஒழிப்போம் என்று தலைப்பு கொடுத்துத் தாளை நீட்டுவோம். ஒரே சூரியன், ஒரே இரண்டு மலை, ஒரே தென்னை மரம் நாற்பது தாளிலும் திரும்பி வரும். 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவை நான் மனதார வரவேற்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளை களிமண்ணில் கைவைத்துப் பரிசு வாங்கி மாநில மேடை வரை போவது சின்ன விஷயமில்லை. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் தலைப்பும் நேரக்கணக்கும் நடுவரும் உண்டு. சொல்லத் தெரியாத ஒன்றைச் செய்து பார்க்க அங்கே இடமில்லை.

அதனால் என் வகுப்பில் தலைப்பை எடுத்துவிட்டேன். அவரவர் வீட்டில் வேண்டாம் என்று கிடக்கிற பொருளைக் கொண்டு வரவேண்டும், குறைந்தது மூன்று வகையாவது இருக்கவேண்டும். என்ன செய்கிறாய் என்று நானும் கேட்கமாட்டேன், பக்கத்தில் இருப்பவரும் கேட்கக்கூடாது. வேறு சட்டம் எதுவும் கிடையாது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா நூல் மில்லுக்குப் போகிறவர். விடியும் முன்பே மில் வேன் வந்துவிடும். அவன் கொண்டு வந்தது நூல் சுற்றுகிற அட்டைக் கோன் ஒன்று, ஒரு பை நிறையக் கழிவு நூல், குடைக்கம்பி நான்கு. கோனை நிமிர்த்தி வைத்தான். கம்பிகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கி இரண்டு பக்கமும் கைபோல நீட்டினான். பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து, நாலாக மடித்து, கோனின் வாய்க்குள் போட்டுக் களிமண்ணால் அடைத்தான். பிறகு நூல் சுற்ற ஆரம்பித்தான். மற்ற பிள்ளைகள் முடித்துவிட்டுக் கைகழுவப் போனபிறகும் சுற்றிக்கொண்டே இருந்தான். அடுத்தடுத்த வகுப்புகளிலும் அதே வேலைதான். கோன் மறைந்தது, கம்பி மறைந்தது, வெள்ளையாகத் திரண்ட ஓர் உருவம் மட்டும் நின்றது. ஓரிடத்தில் மட்டும் விரல் அகலத்துக்குச் சுற்றாமல் விட்டிருந்தான். அந்த இடைவெளியில் உள்ளே ஒரு சிவப்பு நூல் தெரிந்தது. அலமாரியில் வைக்கத் தூக்கியபோதுதான் அடியில் கல் வைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது, அவ்வளவு கனம். இன்னொரு பையன் சட்டத்தை மறந்து “என்னடா இது?” என்றான். “சும்மாடா” என்று பதில் வந்தது. அந்த வருஷம் அவன் என்னிடம் பேசிய சொற்களைவிட அந்த உருவம் நிறையப் பேசியது. அது என்ன பேசியது என்பதை எழுத எனக்கு உரிமையில்லை.

இந்த வேலையின் நுட்பம் பசையில் இல்லை, கட்டில் இருக்கிறது. குளத்து வண்டலைக் குச்சியின்மேல் அப்பி வெயிலில் வைத்தால் மறுநாளே வெடித்துவிடும். காயும்போது மண் சுருங்கும், குச்சி சுருங்காது. நறுக்கிய வைக்கோலோ தேங்காய்நாரோ மண்ணோடு சேர்த்துப் பிசைந்து, குச்சிக்கு முதலில் சணல் சுற்றி, அதன்மேல் அப்பி நிழலில் காயவிட வேண்டும். துணியையும் தகரத்தையும் ஃபெவிகாலால் ஒட்டினால் கொஞ்ச நாளில் பெயர்ந்து வந்துவிடும், ஓட்டை போட்டு நூலால் தைத்தால் நிற்கும். காவடிக்காரர்கள் பல இடங்களில் ஆணியடிக்காமல் நூலால் கட்டுவதற்கும் இதுதான் காரணம். ஆடும்போது கட்டு இளகிக் கொடுக்கும், இறுக்கிப் பிடித்த இடம் முறியும். இதையெல்லாம் பிள்ளைகள் தாங்களே உடைத்து உடைத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். உடைந்ததை மறுபடி கட்டுகிற பொறுமை வீட்டிலும் ஒருநாள் அவர்களுக்கு உதவும் என்பது என் நம்பிக்கை.

பெரிய கலைஞர்களும் இதே வழியில் வந்தவர்கள்தான். 1966இல் சென்னைக்கு அருகே உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, காவடியின் முகப்பைப் போல முன்னால் நின்று பார்க்கிற சிற்பங்களைச் செய்தார். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்பு மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004இல் ஓவியர் தா. சனாதனன் சாதாரண வீடுகளிலிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களையே காட்சியாக வைத்தார். யுத்தத்தைப் பற்றி வாய்திறக்க முடியாத ஊரில் அந்தச் சாமான்கள் பேசின. பாரிசில் பிறந்த லூயிஸ் பூர்ஷ்வா 1932இல் தாயை இழந்தவர். அந்தத் தாய் பழைய திரைச்சீலைகளைப் பழுதுபார்த்து நெய்தவர். மகள் 1999இல், தொண்ணூறை நெருங்குகிற வயதில், ஒன்பது மீட்டருக்கும் உயரமான எஃகுச் சிலந்தி ஒன்றைச் செய்தார். அதன் வயிற்றுப் பையில் சலவைக்கல் முட்டைகள் இருக்கின்றன. ‘அம்மா’ என்று பெயர் வைத்தார். கடைசிக் காலத்தில் தன் பழைய உடுப்புகளையே வெட்டித் தைத்து உருவங்கள் செய்தார். அறுபது வருஷத்துக்கும் மேலாக உள்ளே கிடந்த ஒன்று வெளியே வர அவருக்கு அத்தனை பொருள்கள் தேவைப்பட்டன.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கல் சமயத்தில் விவசாயிகள் மாட்டு உருவாரங்களை மண்ணில் செய்து வைக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுகிறார்களே, அதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பழைய சேலைத் துண்டு, மஞ்சள் கயிறு, உள்ளே ஒரு கூழாங்கல், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பல வருஷத்து ஏக்கத்தை அவ்வளவு குறைவான பொருளில் காட்டிய சிற்பத்தை எந்த அருங்காட்சியகத்திலும் நான் பார்த்ததில்லை.

என் வகுப்புப் பிள்ளைகள் செய்தவற்றை ஒருமுறை வரிசையாக வைத்திருந்தோம். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் அந்த நூல் உருவத்தின் முன் நின்று, “இதுல என்ன மெசேஜ்?” என்று பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தலைகுனிந்து நின்றான். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அந்தக் கேள்வி பிள்ளையை மேடையில் நிறுத்தித் துணியை உருவுவது மாதிரி என்பது அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே கஷ்டம் இருக்கிற பிள்ளையிடம் கேட்காமல் விடுவது தவறில்லையா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பொருளைப் பற்றிக் கேட்காமல் இருப்பது வேறு, பிள்ளையைக் கவனிக்காமல் இருப்பது வேறு. உடம்பில் காயம் தெரிந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லவேண்டும், 1098க்கோ 14417க்கோ அழைக்கவேண்டும். அதில் தயக்கமே கூடாது. ஆனால் பேச வாய் வராத பிள்ளை தானாக எந்த எண்ணை அழுத்தும்? கையில் ஒரு வேலை இருக்கும்போது, எதிரே முகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சில பிள்ளைகள் தாமாகவே பேச ஆரம்பிக்கிறார்கள். “டீச்சர், எங்கப்பா…” என்று தொடங்கிய வாக்கியங்கள் பலவற்றை நான் மண் பிசைந்துகொண்டேதான் கேட்டிருக்கிறேன்.

கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. கலைத் திருவிழாவில் தலைப்பும் பரிசும் இல்லாத ஒரு பகுதி இருக்கட்டும். செய்தவர் பெயரைப் போட்டாலும் சரி, வேண்டாம் என்றால் விட்டாலும் சரி, சும்மா வைக்கட்டும். பள்ளிக்கு ஒரு பூட்டு போட்ட அலமாரி கொடுங்கள், வருஷக் கடைசியில் குப்பை என்று அள்ளிக் கொட்டாமல் பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களைப் பணிநிரந்தரம் செய்யுங்கள். ஓராண்டு முழுக்கக் கூட இருக்கிறவரிடம்தான் பிள்ளை மனசைத் திறக்கும். ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போது ஓவியத்துக்கு இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து வையுங்கள். மண் ஊறிப் பதமாகவே முதல் பாடவேளை போய்விடுகிறது, இரண்டாவதில்தான் பிள்ளைகள் கைவைக்கிறார்கள்.