செப்பு வழு

கேட்ட வினாவுக்குப் பொருந்தாத விடை தருவதைச் செப்பு வழு என்று ஏழு வழுக்களுள் ஒன்றாக வைத்தார்கள் நம் இலக்கண உரையாசிரியர்கள். லினக்ஸ் கெர்னலின் வலையமைப்புப் பகுதியில் இவ்வழு நெடுங்காலமாகக் குடியிருக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

நம் துறைக் கணினி ஒருநாள் சர்வரோடு இணையவில்லை. 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்றது திரை. அதாவது, போய்ச்சேர வழியில்லை. மாணவர்கள் இரண்டு நாள் கேபிள்களைப் பிடுங்கிச் செருகினார்கள். வழி இருந்தது. சர்வரின் ஃபயர்வால்தான் மறித்திருந்தது. அதுவும் ஒளிக்கவில்லை, 'நிர்வாகத் தடை' என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பியிருந்தது. பெற்றுக்கொண்ட கெர்னல் அதை 113ஆம் எண் பிழையாக மாற்றிவிட்டது. இதே தடையை ஐபி ஆறாம் பதிப்பில் அதே கெர்னல் 13ஆம் எண்ணாக்கி, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது. ஒரு வாய், இரு விடை!

கண்மாய் வறண்டதா, மேல்மடைக்காரன் அடைத்துவிட்டானா என்ற வேறுபாடு எங்கள் கரிசல் சம்சாரிக்குத் தெரியும். முன்னதற்கு வானத்தைப் பார்ப்பான். பின்னதற்கு நியாயம் கேட்கக் கிளம்புவான். 2018 மே 23 அன்று எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் அரசாணையால் இணையம் நிறுத்தப்பட்டது. கைபேசிகள் 'இணைப்பு இல்லை' என்றே காட்டின. தடையென்று செய்தித்தாள் பார்த்தே அறிந்தோம். அது கெர்னலின் பிழையன்று. ஆயினும் மனப்பான்மை ஒன்றே. தடையை இன்மையாகச் சொல்லும் கருவி, கேள்வி கேட்க வேண்டியவனைக் காத்திருக்கப் பழக்குகிறது.

எண்ணை மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்பார்கள். மெய்தான், அதை வழுவமைதியாக ஏற்கிறோம். ஆனால் வழுவென்று அறிந்து பொறுத்துக்கொள்வது வேறு, மரபென்று கற்பிப்பது வேறு. இன்று புதிதாக எழுதுவோரும், எது தவறினாலும் 'செல்லாத உள்ளீடு' என்னும் 22ஆம் எண்ணைத் திருப்பிவிட்டு நகர்கிறார்களே, அதற்கு என்ன அமைதி? எண் போதவில்லை என்ற சாக்கும் செல்லாது. 2017இல் வந்த 4.12ஆம் பதிப்பிலிருந்து, நெட்லிங்க் வழியே எண்ணோடு ஒரு விளக்க வாக்கியத்தையும் அனுப்பலாம். ஒரு வாக்கியம் எழுதச் சோம்புகிறவர்களுக்காக, முன்பின் அறியாத யாரோ இரண்டு நாளை இழக்கிறார்கள்.

நிரலும் மொழிதான். அதில் பொய்யான சொல்லை இடுகிறவரைத் தொழில்நுட்பம் என்ற பெயரால் மன்னிக்க நாம் ஆயத்தமில்லை.